பதினாறாவது அழைப்பு

பெரியவன் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. வாயைத் திறக்குமுன் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவது அவன் வழக்கம். அன்று செருமக்கூட இல்லை. "இனிமே இவன் பேச்சை என்கிட்ட எடுக்காதீங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அண்ணன்தான் சுவருக்குள் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பதித்தான் என்று நம்பி, தம்பி அவனைக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பூட்டியதுதான் காரணம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேர். லாண்டரியில் இஸ்திரி போடும் அம்மா, மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் வேலை பார்க்கும் மகள், காதுக்குள் குரல்கள் கேட்கும் கடைக்குட்டி. ஆறடி இரண்டு அங்குலம் வளர்ந்து நிற்கும் அவனை வீட்டில் குள்ளன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு மூவரும் படுக்கப் போனதோடு போன வாரம் விட்டிருந்தோம்.

இன்று செவ்வாய்க்கிழமை. மகள் ஏழு மணிக்கு எழுந்து வந்தபோது கடிதம் பிரிந்து கிடந்தது. அம்மா ஆறு மணிக்கே வேலைக்குப் போயாகிவிட்டது. குள்ளன் மேசையில் குனிந்து, உறையின் பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து பதினாறு வரை எண் போட்டுக்கொண்டிருந்தான். எண்களுக்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

"என்னடா பண்ற?"

"ஞாபகப்படுத்திப் பாக்குறேன்."

"எதை?"

அவன் கடிதத்தை அவள் பக்கம் தள்ளினான். நாலே வரி. பேச்சு சிகிச்சையின் பதினாறு அமர்வுகளையும் அவர் நிறைவு செய்துவிட்டார். வாழ்த்துகள். காத்திருப்போர் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படுகிறது. மேலே போன வெள்ளிக்கிழமையின் தேதி.

அவள் இரண்டு தடவை படித்தாள். எதையும் அவள் இரண்டு தடவைதான் படிப்பாள். அலுவலகத்தில் அவளுக்கு 'ரெண்டுதரம்' என்றே பட்டப்பெயர்.

"நீ ஒரு தடவைகூட போகலையேடா. இன்னும் கூப்பிடவே இல்லையே."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்." அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "ஆனா பதினாறு தடவைன்னு எழுதியிருக்கு. பதினஞ்சு இல்ல, பதினேழு இல்ல. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் சொல்லுது. காதுல யாரோ பேசுறாங்கன்னு சொல்ற ஆளு நான். அக்கா, நீ யார் பக்கம் பந்தயம் கட்டுவ?"

"உன் பக்கம்."

"சும்மா சொல்லாத."

"ஏதோ தப்பு நடந்திருக்கு. நான் இன்னைக்குப் போய்ப் பாக்குறேன். நாலு மணி வரைக்கும் வீட்ல இரு. சரியா?"

அவன் தலையாட்டினான். ஆனால் பேனா முதல் எண்ணுக்கு எதிரே போய் நின்றது. "அந்த ரூம்ல ஜன்னல் இருக்குமா?" என்று கேட்டான், தனக்குள் கேட்டுக்கொள்வதுபோல்.

பேருந்தில் இடம் கிடைத்தும் அவள் உட்காரவில்லை. ஏதோ தப்பு என்று அவனிடம் சொன்னாளே, அந்தத் தப்பு யாருடையதாக இருக்கும் என்று அவளுக்கு ஏறக்குறையத் தெரிந்திருந்தது. அமர்வுகளை எண்ணும் விதியை எழுதியவளே அவள்தான்.

கதை இதுதான். சைக்கோசிஸ் என்ற மனநோய் வந்தவர்களுக்கு மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் தர வேண்டும், குறைந்தது பதினாறு அமர்வு என்பது அந்த மருத்துவமனையின் விதி. யாருக்கு எத்தனை நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அமர்வைப் பதிய ஒரு படிவம் உண்டு. அதில் பன்னிரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும் என்பதால் ஆலோசகர்கள் அதைத் தொடுவதே இல்லை. நோயாளியின் மின்பதிவில் 'பேச்சு சிகிச்சை' என்று தலைப்புப் போட்டு, நடந்ததை நாலு வரி எழுதி, எத்தனை நிமிடம் என்று குறித்துவிட்டுப் போவார்கள். அந்தக் குறிப்புகளைக் கணினியே தேடி எண்ணும்படி ஒரு விதி எழுதச் சொன்னார் மனநலப் பிரிவின் தலைமை டாக்டர். அவள் எழுதினாள். தலைப்பு சரியாக இருந்து, நேரம் முப்பது நிமிடத்துக்குக் குறையாமல் இருந்தால் ஓர் அமர்வு. டாக்டர்தான் முப்பதை ஐந்தாக்கச் சொன்னார். "சில நாள் அவங்களால அஞ்சு நிமிஷம்தான்மா உக்கார முடியும். அதுவும் அவங்களுக்குப் பெரிய வேலை. அதை விட்டுடாதே."

அவள் நூறு குறிப்புகளைக் கையால் சரிபார்த்தாள். தொண்ணூற்றாறு சரியாக வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். போன மாதம் அந்தக் கணக்கைக் காத்திருப்போர் பட்டியலோடு இணைத்தார்கள். பதினாறு ஆனால் பட்டியலிலிருந்து பெயர் போகும், கடிதம் தானாக அச்சாகும். இன்று நாலு மணிக்கு நிர்வாகக் குழுவின் முன்னால் டாக்டர் அதைப் பற்றித்தான் பேசப்போகிறார்.

பதிவுப் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. கணினியைத் திறந்ததும் அவள் கை தம்பியின் பதிவெண்ணை அடிக்கப் போய், நாலாவது இலக்கத்தில் நின்றது. சொந்தக்காரர்களின் பதிவைத் திறக்கக் கூடாது. திறந்தால் யார், எப்போது திறந்தார் என்பது அழியாமல் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரியின் பதிவைப் பார்த்த ஒரு பெண் போன வருடம் வேலை போய், இதே அறையிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலோடு வெளியேறியதை அவள் பார்த்திருக்கிறாள்.

அடித்த நாலு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். வேறு வழி இருந்தது. கொஞ்சம் நீளமான வழி. விதியைச் சோதிப்பதற்கென்று பெயர்கள் மறைக்கப்பட்ட ஒரு நகல் உண்டு. அதில், இணைப்புக் கொடுத்த பிறகு பதினாறை எட்டியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். பதினொரு பேர். ஒவ்வொருவருடைய குறிப்புகளையும் விரித்தாள்.

முதல் ஆள்: 'தந்தை அழைத்தார். சிகிச்சை எப்போது கிடைக்கும் என்று கேட்டார். ஐந்து நிமிடம்.'

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

இரண்டாவது ஆள்: 'மனைவி நேரில் வந்து விசாரித்தார். எட்டு நிமிடம்.'

மூன்றாவது: 'தாயார் அழைத்தார். மகனுக்குச் சிகிச்சை தொடங்கும் நாளைக் கேட்டார். மறந்துவிடக் கூடாதே என்று செவ்வாய்தோறும் அழைப்பதாகச் சொன்னார். பின்னணியில் நீராவிச் சத்தம். ஆறு நிமிடம்.'

அதற்குக் கீழே அதே தாயார், அதற்குக் கீழேயும் அதே தாயார். பெயர் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை. பட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்குப் பட்டையை விலக்காமலே தெரிந்தது. இஸ்திரி மெஷினின் நீராவிச் சத்தத்தைக் கேட்டும், அதன் வாசத்தை அந்த அம்மாவின் உடுப்பில் தினமும் முகர்ந்தும் வளர்ந்தவள் அவள்.

படக்கென்று திரையை மூடினாள். நல்லதுக்காகப் பார்த்தாலும் அதற்கு மேல் பார்ப்பது தப்பு.

மேல்தள வரவேற்பில் தொலைபேசி மேசை. ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். எல்லோருக்கும் அவர் மேசைக்காரர். அவள் போனபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. அவர் தொலைபேசியில் இருந்தார்.

"சொல்லுங்கம்மா... ஆமாம்மா, செவ்வாய்க்கிழமைன்னாலே உங்க ஞாபகம்தான் எனக்கு... இன்னும் தேதி போடலையே... சத்தமா சொல்லுங்க, அங்க புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது... கட்டாயம் எழுதி வைக்கிறேன்மா."

வைத்துவிட்டு இரண்டு விரலால் தட்டெழுதினார். தலைப்புகளின் பட்டியலைத் திறந்து, நிதானமாகக் கீழே உருட்டி, 'பேச்சு சிகிச்சை' என்பதைத் தேர்ந்தெடுத்தார். நிமிடம் என்ற கட்டத்தில் ஐந்து.

"ஏன் சார், போன் வந்தா எல்லாரும் 'இதர'ன்னுதானே போடுறாங்க?"

"அவங்க சோம்பேறிங்க." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "பேச்சு சிகிச்சையைப் பத்திக் கேட்டா பேச்சு சிகிச்சைக்குக் கீழ போடணும். ரத்தப் பரிசோதனையைப் பத்திக் கேட்டா அதுக்குக் கீழ. 'இதர'ல போட்டா யார் கண்ணுல படும்? இந்த அம்மா நாலு மாசமா ஒரு வாரம் தவறல. என் பொண்டாட்டிகூட எனக்கு இவ்வளவு ஒழுங்கா போன் பண்ணதில்ல. இவங்களை 'இதர'ல போட எனக்கு மனசு வருமா?"

இந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காக வேலை செய்கிற ஒரே ஆள், அவளுடைய ஒழுங்கான விதியோடு மோதியிருக்கிறார். அவள் எடுத்த நூறு குறிப்புகளும் ஆலோசகர்களின் அறையிலிருந்து வந்தவை. தொலைபேசி மேசைக்கும் அந்தத் தலைப்புக்கும் தொடர்பு இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நூற்றோராவது குறிப்பை இங்கே வந்து எடுத்திருந்தால்?

தலைமை டாக்டர் நிர்வாகக் குழுவுக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய, அதிகம் சிரிக்காத பெண்.

"டாக்டர், அந்த அறிக்கையை இன்னைக்குக் கொடுக்காதீங்க."

"ஏன்?"

சொன்னாள். இடையில் நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று நிறுத்தாமல் சொன்னாள். டாக்டர் கையிலிருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"அப்போ, யார் வீட்ல அதிகமா அக்கறைப்பட்டுக் கேட்டாங்களோ, அவங்களைத்தான் பட்டியல்லேர்ந்து எடுத்திருக்கோம்."

"ஆமா டாக்டர். நான்தான். விதி என்னோடது."

"முப்பதை அஞ்சாக்கினது நான். பங்கு போடுறதை அப்புறம் வச்சுக்கலாம். உனக்கு இது எப்படித் தெரிஞ்சது?"

"வீட்டுக்குக் கடிதம் வந்தது. என் தம்பிக்கு." பிறகு சேர்த்தாள். "சோதனை நகல்ல ஒரு பதிவைப் பாத்ததும் யாருதுன்னு தெரிஞ்சுபோச்சு. மூடிட்டேன். அதையும் நீங்க எழுதிக்கணும்."

டாக்டர் எழுதிக்கொண்டார். அவளுக்கு அது ஏனோ ஆறுதலாக இருந்தது.

"அந்தப் பதிவுகளை இனி நீ தொடாதே. பதினொரு வீட்டுக்கும் நானே இன்னைக்குப் பேசுறேன். உன் தம்பிகிட்ட நீ சொல்லு. ஆபீஸ்காரியா இல்ல, அக்காவா சொல்லு."

"என்னன்னு டாக்டர் சொல்றது? அம்மா போன் பண்ணாங்கன்னா?" அவள் குரல் தேய்ந்தது. "அவன் மூணு மாசம் முன்னாடி அதைத்தானே கேட்டான். அம்மா தன்னைப் பத்திப் போன்ல யார்கிட்டயோ பேசுறாங்கன்னு. இதே ரூம்ல, உங்க முன்னாடி. அம்மா இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணாங்க. எனக்கும் அப்போ தெரியாது."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஞாபகம் இருக்கு. அது நோயோட அறிகுறின்னு எழுதினேன். அன்னைக்கு மாத்திரையைக் கூட்டினேன்."



"இதை அவன்கிட்ட சொன்னா, சுவர்ல கருவி இருக்குன்னு சொன்னதும் நிஜம்தான்னு ஆரம்பிச்சுடுவான்" என்றாள் அவள்.

"ஆரம்பிக்கலாம். சொல்லாம விட்டா என்ன ஆகும்? நடக்காத பதினாறு அமர்வை நடந்ததா நம்ப ஆரம்பிப்பான். ரெண்டுல எது மோசம்னு நீயே சொல்லு."

அம்மாவின் லாண்டரிக்கு அவள் போன் செய்தபோது மணி இரண்டு. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் நீராவிச் சத்தம் மட்டும் கேட்டது. "அவன் முகத்துல நான் எப்படிடி முழிப்பேன்?" என்றாள் அம்மா. பிறகு, "வரேன்" என்றாள்.

இரண்டே முக்காலுக்கு மேசைக்காரர் மேல்தளத்திலிருந்து அவளுக்குப் போன் செய்தார். "ரெண்டுதரம், உன்னைக் கேட்டு ஒருத்தர் வந்தார். நல்ல உயரம். உன்னைக் கூப்பிடுறதுக்குள்ள ஆலோசனை ரூம் பக்கம் போயிட்டார். கொஞ்சம் சீக்கிரம் வாம்மா."

படிகளில் ஓடினாள்.

குள்ளன் நடைபாதையில் இருந்தான். ஆலோசனை அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. வாசலில் நின்று ஒரு பச்சை நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் காலையில் எண் போட்ட உறை. இப்போது மூன்று எண்களுக்கு எதிரே ஏதோ எழுதியிருந்தது.

"ஜன்னல் இருக்கு அக்கா" என்றான். "நான் எழுதினேன், பாரு, ஜன்னல்னு. பச்சை நாற்காலி. அதுல உக்காந்த மாதிரிதான் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா மீதியும் வந்துடும்."

"வராது."

"வருது அக்கா."

"வராதுடா, நடக்கலை. இந்த ரூமுக்குள்ள நீ வந்ததே இல்ல. உன் ஞாபகம் சரி. கணக்குதான் தப்பு. அந்தக் கணக்கை எழுதினது நான்."

அவன் மெதுவாகத் திரும்பினான். "நீயா?"

"நான்தான். இந்தத் தலைப்புல ஒரு குறிப்பு இருந்தா அதை ஒரு அமர்வுன்னு எண்ணச் சொல்லிட்டேன். யார் எழுதினது, என்ன எழுதினதுன்னு பாக்கச் சொல்லலை."

"அப்போ என் பேர்ல பதினாறு குறிப்பு இருக்கு."

"இருக்கு."

"நான் வரலைன்னா, அது என்ன?"

பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. அப்போதுதான் நடைபாதையின் கோடியில் அம்மா வந்தாள். லாண்டரி உடுப்பை மாற்றாமல், நெற்றி வேர்வையைத் துடைக்காமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. மகள் சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை.

"நான்தான்டா" என்றாள். "வாரா வாரம் போன் பண்ணி, என் பையனை எப்போ கூப்பிடுவீங்கன்னு கேட்டேன். அதைத்தான் எண்ணித் தொலைச்சிருக்காங்க."

குள்ளன் அசையவில்லை. அவன் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. காதுக்குள் இருப்பவர்களுக்குப் பதில் சொல்கிறானா, தனக்கே சொல்லிக்கொள்கிறானா என்று தெரியவில்லை.

"போன்ல பேசின" என்றான்.

"பேசினேன்."

"என்னைப் பத்தி."

"உன்னைப் பத்தித்தான்."

"நான் கேட்டப்போ இல்லைன்ன. டாக்டர் முன்னாடி."

"பயந்துட்டேன்டா. அண்ணனை வெளியே நிறுத்தின மாதிரி என்னையும் நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்." அம்மாவின் குரல் உடைந்தது. "நான் வெளியே போயிட்டா உனக்கு யாருடா இருக்கா?"

குள்ளன் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். நீளமான கால்கள் நடைபாதையைப் பாதி அடைத்தன. வெகுநேரம் கழித்து அவன் தலையை நிமிர்த்தியபோது கண் ஈரமாக இருந்தது. வாயோரம் மட்டும் லேசாகக் கோணியது.

"அப்போ அது ஒண்ணு சரி" என்றான். "மத்ததெல்லாம் போகட்டும். அது ஒண்ணு நான் சரியா கண்டுபிடிச்சிருக்கேன்."

"ஆமாடா" என்றாள் அக்கா. "டாக்டரும் அதை ஒத்துக்கிட்டாங்க. உன்கிட்ட அவங்களே சொல்வாங்க."

"சுவர்ல இருக்கிறது?"

"அது இல்ல."

"உறுதியா?"

"ரெண்டுதரம் பாத்துட்டேன்."

அவன் மூக்கால் சிரித்தான். அன்றைய முதல் சிரிப்பு.

அம்மா அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து உள்ளங்கை அளவு காலண்டர் அட்டை ஒன்று வந்தது. "நான் பொய் சொல்லலைன்னு நீ நம்பணும்ல. பண்ண அன்னைக்கெல்லாம் வட்டம் போட்டு வச்சிருக்கேன். நீயே எண்ணிக்கோ. எல்லாம் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி, டீ குடிக்கிற நேரம்."

குள்ளன் எண்ணினான். விரலை ஒவ்வொரு வட்டத்தின் மேலும் வைத்து எண்ணினான். டாக்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, சற்றுத் தள்ளி, குறுக்கே பேசாமல் நின்றார். கையில் ஒரு சிறு சீட்டு: வியாழக்கிழமை, காலை பத்து மணி, முதல் அமர்வு. அக்கா அதை வாங்கித் தம்பியின் மடியில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், தள்ளிவிடவில்லை. மறுபடியும் முதல் வட்டத்திலிருந்து எண்ண ஆரம்பித்தான்.

"பதினாறு" என்றான்.

"அதான் சொன்னேனே" என்றாள் அம்மா.

"இல்லம்மா. கடைசி வட்டம் இன்னைக்கு." கடிதத்தை எடுத்துத் தேதியைக் காட்டினான். "இது வெள்ளிக்கிழமை அடிச்சது. வெள்ளிக்கிழமை வரைக்கும் நீ பதினஞ்சு தடவைதான் பண்ணியிருக்க."

அக்கா அட்டையை வாங்கி, இன்றைய வட்டத்தை விட்டுவிட்டு எண்ணினாள். திரும்ப எண்ணினாள். பதினைந்து.

"நடுவுல வேற நாள் பண்ணியாம்மா?"

"எனக்கு ஏதுடி வேற நாள்? டீ நேரத்தைத் தவிரப் போனைத் தொட விடமாட்டாங்க."

குள்ளன் எழுந்தான். நடைபாதையில் நடந்து வரவேற்புக்குப் போனான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். தொலைபேசி மேசையின் முன்னால் அவன் நின்றபோது மேசைக்காரர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"சார், போன வாரம் என்னைப் பத்தி யாராவது கேட்டாங்களா? அம்மாவைத் தவிர."

மேசைக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையை மறுப்பாக அசைத்தார்.

"கூப்பிட்டவங்க யாருன்னு சொல்லக் கூடாது தம்பி. அதுவும் பேர் வேணாம்னு கேட்டுக்கிட்டவங்களைப் பத்திச் சொல்லவே கூடாது."

"பேர் வேணாம் சார்." குள்ளன் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தான். "பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தொண்டையைச் செருமினாரா? அதை மட்டும் சொல்லுங்க."

மேசைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அம்மா மகளின் கையை இறுகப் பற்றினாள். குள்ளன் நிமிர்ந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். உறையில் எழுதியிருந்த ஜன்னலையும் பச்சை நாற்காலியையும் அடித்தான். ஒன்றிலிருந்து பதினைந்து வரை ஒரே கோடாக இழுத்து 'அம்மா' என்று எழுதினான். பதினாறுக்கு எதிரே எதுவும் எழுதாமல், பேனாவை மூடினான்.